ஏலே மிஸ்ஸுக்குப் பசிக்கவில்லை

சீன மொழியில் ஒரே ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு, அதுவும் தமிழ்ச் சொல்தான் என்று சாதித்துக்கொண்டு, அந்த மாபெரும் தேசத்தில் ரயிலேறி, மீன் வாங்கி, முடி வெட்டிக்கொண்டு, பல் பிடுங்கிக்கொண்டு, என் கண்ணெதிரே இரண்டு வருஷம் ராஜாங்கம் நடத்திய பெண் உலகத்திலேயே ஒருத்திதான். அவள் தூத்துக்குடிக்காரி. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் நாங்கள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் முதல் பிரின்ஸிபால் வரை எல்லோருக்கும் அவள் ஏலே மிஸ்.

நானும் தூத்துக்குடிதான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, கல்லாவில் போய் உட்கார மனசில்லாமல், கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தேன். தென் சீனக் கடற்கரையில் ஓர் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை வந்தது. அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஆறு மாசத்துல அழுதுகிட்டு வந்து நிக்கப் போறா, பாத்துக்கோ" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என் பெட்டியில் ஒரு டப்பா எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் வைத்தாள்.

விமான நிலையத்திலிருந்து பள்ளிக்கூட விடுதிக்குப் போய்ச் சேரும்போதே அப்பா சொன்னது பலித்துவிடும்போல இருந்தது. எனக்கு எஸ்கலேட்டரே பயம். அறைக் கதவைத் திறந்தால், உயரமாக ஒருத்தி தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். மூன்று மாதம் முன்பே வந்த இன்னொரு இந்திய ஆசிரியை என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் மரியாதையாக விசாரித்துக்கொண்டோம். இந்தியாவில் எங்கே என்று கேட்டாள். தெற்கே, தூத்துக்குடி என்று ஒரு துறைமுகம் என்று விளக்க ஆரம்பித்தேன். துண்டு கீழே விழுந்தது.

"ஏளா! தூத்துக்குடில எங்கன?"

"பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம்."

"நான் பீச் ரோட்டுப் பக்கம்ளா! எங்கப்பா தோணில போறவரு!"

சொல்லிக்கொண்டே என் தோளில் ஒரு அடி விட்டாள். அந்தக் கையை ஒரு வாரம் என்னால் தூக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் இருபது நிமிஷ நடை. நாங்கள் கடைக்காரர்கள், அவர்கள் கடற்கரைக் கிறிஸ்தவர்கள். ஒரே ஊரில் வளர்ந்தும் பார்த்துக்கொள்ளாத இரண்டு பேர் பாஸ்போர்ட் எடுத்து, விசா எடுத்து, மூன்று விமானம் மாறிப் போய்த்தான் சந்தித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மக்ரூன் டப்பாவைத் திறந்தேன். வந்த வேகத்தில் எல்லாம் மாவாகியிருந்தது. "மாவானா என்ன?" என்று ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டப்பா காலியான பிறகுதான் என் பெயரைக் கேட்டாள்.

மறுநாள் காலையில் ஊரைச் சுற்றிக்காட்டுவதாகச் சொல்லி என்னைப் பள்ளிக்கூட வாசலுக்கு இழுத்துப் போனாள். அங்கே ஆளுயரப் போஸ்டர். மஞ்சள் முடியும் நீலக் கண்ணுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். 'எங்கள் வெளிநாட்டு ஆசிரியை' என்று சீனத்தில் எழுதியிருக்கிறதாம்.

"யாரு எக்கா இது?"

"நாந்தாம்ளா. வெயில்ல கொஞ்சம் கறுத்துட்டேன்."

சீனம் கற்றுக்கொள்ள நான் நோட்டுப் போட்டேன். தினம் பத்துச் சொல், ஒவ்வொன்றுக்கும் நான்கு விதமான ராகம். அவள் என் நோட்டை ஒரு தடவை புரட்டினாள். முதல் பக்கத்தின் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். அது 'நீ'. சீனத்தில் நீ என்றால் நீதான்.

"ஏளா, இது தமிழ்ல்லா! 'நீ ஹாவ்'ன்னு சொல்லுதாங்களே, என்னன்னு நெனச்சே? நீ நல்லாருக்கியான்னு கேக்கான். இந்த பாஷைய எதுக்கு உக்காந்து படிக்கணும்? மிச்சம் தன்னால வரும்."

மிச்சம் வரவே இல்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. டாக்ஸியில் ஏறினால், "நீ போ" என்பாள். இடம் வந்ததும், "நீ நில்லு" என்பாள். அவன் நிற்பான். நான் நான்கு ராகத்தையும் சரிபார்த்து ஒரு வாக்கியம் சொன்னால், அதே டிரைவர் ஆங்கிலத்தில் "ஸாரி?" என்பான்.

இனி ஏலே கதைக்கு வருகிறேன். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். நான் போய்ச் சேரும்வரை அவள் அதைக் காப்பாற்றியிருக்கிறாள். பேச்சுத் துணைக்கு ஆள் வந்ததும் அறையில் திறந்த தமிழ் வாய் வகுப்பிலும் மூடவில்லை. ஒருநாள் பின்பெஞ்சில் இரண்டு வாண்டுகள் ஒருவன் தலையை ஒருவன் பிடித்துக்கொண்டு உருண்டபோது, "ஏலே!" என்று ஒரு சத்தம் போட்டாள். எங்கள் ஊரில் பையன்களை 'டேய்' என்று அதட்டுவதற்கு அதுதான் சொல்.

வகுப்பே அமைதியானது. பிறகு முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து வந்து, பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் இன்னொரு ஏலே. இரண்டு ஆரஞ்சு வந்தது. அதற்கடுத்த நாள் அவித்த முட்டை. ஒரு வாரத்தில் அவள் மேஜை கோயில் படையல் மாதிரி ஆகிவிட்டது. கேன்டீனில் சோறு போடும் அம்மாள் இவளைக் கண்டதும் பெரிய தட்டை எடுக்க ஆரம்பித்தார்.

"மரியாதை தெரிஞ்ச ஜனம்ளா. நம்ம ஊர்ல டீச்சருக்கு எவன் முட்ட தாரான்?" என்று மெச்சிக்கொண்டாள்.

உண்மையை உடைத்தது துணை ஆசிரியை லீ. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில், மிகுந்த சங்கடத்தோடு கேட்டார்.

"உங்கள் தோழிக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? ஏன் எப்போது பார்த்தாலும் பசிக்கிறது, பசிக்கிறது என்று கத்துகிறார்?"

சீனத்தில் 'பசிக்கிறது' என்பதற்கான சொல் கிட்டத்தட்ட 'எலெ' என்றுதான் காதில் விழும். பிள்ளைகள் வீட்டில் போய், எங்கள் மிஸ் பட்டினி என்று சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டு ஆசிரியைக்கு ஒழுங்காகச் சோறு போடுவதில்லையா என்று பெற்றோர் பிரின்ஸிபாலுக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

நான் வெட்கத்தில் வியர்த்துப்போய் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள்.

"இனிமே அப்படிச் சொல்லாதீங்க எக்கா."

"எதுக்குளா நிறுத்தணும்? இம்புட்டு நாளு ஏலேன்னு கூப்ட்டு நம்ம ஊர்ல ஒரு டீத்தண்ணி கெடச்சிருக்கா?"

நிறுத்தவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். தின்பண்டத்தைச் சும்மா நீட்டக் கூடாது, பசிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பிறகு அவளும் பதிலுக்குக் கேட்பாள். உனக்கு என்ன பிடிக்கும், யார் சமைத்தார்கள், இதற்குள் என்ன இருக்கிறது. அது பாடமா விளையாட்டா என்று எனக்கே தெரியவில்லை. என் வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து 'ஆப்பிள், ஆப்பிள்' என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபரில் ஒரு வாரம் விடுமுறை வந்தது. சீனா மொத்தமும் ரயிலில் ஏறிவிட்ட மாதிரிக் கூட்டம். நாங்களும் ஏறினோம். கடற்கரை ஓரமாக இன்னும் தெற்கே, முத்துக்குப் பேர்போன ஒரு ஊருக்கு. பெட்டியில் இருந்த அத்தனை பேரிடமும் இவள் தமிழில் பேசினாள், அவர்கள் சீனத்தில் பேசினார்கள். இறங்கும்போது எங்கள் பை நிறைய சூரியகாந்தி விதை.

அந்த ஊரில் ஒரு முத்துக் கடை. விற்பனைப் பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிப்பியை உடைத்துக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். சுற்றி முப்பது சுற்றுலாப் பயணிகள். வாங்கலாமா, அசல்தானா என்று ஆளாளுக்குச் சந்தேகமாக முத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஏலே மிஸ்ஸால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஏளா, நாம எந்த ஊருன்னு இவங்ககிட்டச் சொல்லு."

எனக்குத் தெரிந்த சீனத்தில், இவர் முத்துக் குளிக்கும் ஊர்க்காரர் என்று சொன்னேன். என் ராகத்தில் அது என்னவாகக் கேட்டதோ, கூட்டம் சட்டென்று வழிவிட்டது. இவள் ஒரு முத்தை வாங்கித் துடைத்து, முன்பல்லில் மெதுவாக உரசினாள். கண்ணை மூடினாள். கல்லாவில் இருந்த கடைக்காரர் முகம் வெளுத்தது.

"நறநறங்குது. அசல்தான்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவ்வளவுதான். முப்பது பேரும் ஆளுக்கொரு முத்தைப் பல்லில் வைத்து உரச ஆரம்பித்தார்கள். கடை முழுக்கப் பல். உரசியவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். கடைக்காரர் இவள் கையைப் பிடித்துக் குலுக்கி, வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். "நோ, நோ. ஐ ஆம் டீச்சர்" என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டு வெளியே வந்தாள்.

"முத்தப் பத்தி உங்களுக்கு இவ்வளவு தெரியுமா எக்கா?"

"எனக்கு என்னளா தெரியும்? எங்க வீட்ல ஒரு முத்து கெடையாது. இந்தப் பல்லு விஷயம் போன மாசம் போன்ல ஒரு வீடியோல பாத்தது."

திரும்பி வந்தபோது பிரின்ஸிபால் அறையில் எங்களுக்கு ஒரு சேதி காத்திருந்தது. கண்ணாடி போட்ட ஒரு அப்பா புகார் கொடுத்திருந்தார். போஸ்டரில் இருக்கும் ஆசிரியை எங்கே, அவருக்காகத்தானே பிள்ளையைச் சேர்த்தோம் என்று. அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். பிரின்ஸிபால் கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். பெற்றோர் முன்னிலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பாடம் நடத்த வேண்டும். அது சரியாக அமைந்தால் வேலை தொடரும். இல்லாவிட்டால் இருவருக்கும் டிக்கெட்.

ஆறு மாசம் என்று அப்பா சொன்ன கணக்கு என் தலைக்குள் சுற்றியது. பத்து நாள் பாடத்தை உருப்போட்டேன். அட்டையில் படம் வரைந்தேன். ஏலே மிஸ் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. வகுப்பின் பின்னால் மூன்று வரிசைப் பெற்றோர். எல்லோர் கையிலும் போன், எல்லாப் போனும் என்னைப் படம் பிடிக்கிறது. நான் முதல் அட்டையைத் தூக்கினேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அட்டையில் இருந்தது ஆப்பிள் என்பதுகூட எனக்கு மறந்துபோனது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடி அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"ஏலே!"

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. ஏலே மிஸ் என் கையிலிருந்த அட்டையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

நாற்பது பிள்ளைகளும் எழுந்தார்கள். "ஆர் யூ ஹங்க்ரி, மிஸ்?"

"நோ, தேங்க் யூ. ஐ ஆம் நாட் ஹங்க்ரி. ஆர் யூ?"

பிறகு அந்த வகுப்பில் நடந்ததை என்னவென்று சொல்ல? ஒருவன் தன் பன்னுக்குள் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கினான். அது பொய் என்று இன்னொருத்தி ஆங்கிலத்தில் மறுத்தாள். அப்பா சமைத்தால் கருகிவிடும், அம்மா சமைத்தால் உப்பிருக்காது என்று வீட்டு ரகசியங்களெல்லாம் வெளியே வந்தன. யாரும் ஒப்பிக்கவில்லை. பேசினார்கள். பெற்றோர் போனைக் கீழே இறக்கிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கும் குரல் வந்துவிட்டது. நானும் உள்ளே புகுந்து கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

கடைசியில் அவள் பின்வரிசைக்கு நடந்து, கண்ணாடி அப்பாவின் எதிரில் போய் நின்று, செல்லமாகச் சொன்னாள், "ஏலே!"

அவர் எழுந்தார். காது சிவந்தது. அவர் மகள் முன்னாலிருந்து வாயசைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஆர்... யூ... ஹங்க்ரி... மிஸ்?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முதலில் தட்டியவர் பிரின்ஸிபால்.

இரண்டு வருஷம் முடிந்து நான் ஊர் திரும்பிவிட்டேன். இப்போது இங்கே ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை. வெளிநாட்டு மாலுமிகள் என்னிடம் கத்தினால் நான் திருப்பிக் கத்துகிறேன். அவள் அங்கேயே இருந்துவிட்டாள். தன் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு தேயிலைப் பொட்டலமும் கம்பளிப் போர்வையும் என்னிடம் தந்து அனுப்பினாள். தூத்துக்குடி வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்டதற்கு, "கெடக்கட்டும்ளா, அழகா இருக்கு" என்றாள்.

வந்த வாரமே பீச் ரோட்டுப் பக்கம் அந்த வீட்டைத் தேடிப் போனேன். அவள் அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீதானா மக்கா அது? பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் புள்ள?"

"ஆமா பெரியம்மா. அவங்க இல்லன்னா நான் மொத மாசமே ஓடி வந்திருப்பேன். அவங்களுக்குத்தான் எதுக்குமே பயம் கெடையாதே."

"யாருக்கு? அவளுக்கா?" அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மாதாவே! அங்க போயி மொத மூணு மாசமும் தெனம் போன்ல ஒரே அழுகதான். பேச ஆளில்ல, சாப்பாடு எறங்கல, பயமா இருக்கு, வந்துருதேம்மான்னா. நாங்களும் டிக்கெட்டுப் போட்டாச்சு. பொறவு ஒருநா காலைல போன் பண்ணி, 'எம்மா, டிக்கெட்ட ரத்து பண்ணிரு. நம்ம ஊருப் புள்ள ஒண்ணு வந்துருக்கு. என்னவிட பயந்து கெடக்கு. இத விட்டுட்டு நான் எப்டி வர'ங்கா."

தேயிலைப் பொட்டலத்தையும் கம்பளிப் போர்வையையும் எடுத்து அந்த அம்மாவின் மடியில் வைத்தேன்.

இதை அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாள். அடுத்த மாதம் விடுமுறைக்கு வருகிறாள். சென்னையிலிருந்து எங்கள் ஊர் வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வரும் விமானம் காலை பத்தரைக்கு இறங்குகிறது. நானே போய்க் கூட்டிவருகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எட்டு மணிக்கே போய் நின்றுவிடுவேன்.