செடிக்கா, வயலுக்கா?

படித்தவன் முட்டாள்தனம் செய்யக் கிளம்பினால் தடுக்க யாருக்கும் தைரியம் வராது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் குதிரைத்திறன் கணக்கு நடத்திய நான், என் வீட்டுக்கு வேண்டிய ஒரே ஒரு கணக்கைப் போடாமல் விட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் எங்கள் கொல்லை மண் உப்பு மண், கீரைகூட முளைக்காது. ஏதோ பத்திரிகையில் மண்ணில்லாமல் செடி வளர்ப்பதைப் படித்துவிட்டு, மொட்டை மாடியில் தகரத் தொட்டிகளில் கூழாங்கல் பரப்பித் தக்காளி வைத்தேன். (வைத்தேன் என்பது வாய்ப்பந்தல். படம் போட்டது நான், நட்டது என் மனைவி ரோஸி.) உரம் கரைத்த தண்ணீரைப் பீப்பாயிலிருந்து முகந்து முகந்து, ஒரு நாளைக்கு நாலு தடவை ஊற்றியதும் அவள்தான். இரண்டு மாதத்தில் செடிகள் காய்த்தன. அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"சின்னதா ஒரு மோட்டார் வாங்கித் தாங்க. முதல் பறிப்புல ஒரு கூடை மாதா கோயிலுக்குன்னு நேர்ந்திருக்கேன். அதுவரைக்கும் கை தாங்காதுங்க" என்றாள்.

மோட்டார் கடைக்கு அவள் தம்பி அந்தோணியும் வந்தான். நெடுங்காட்டில் நெல் போடுகிறவன்; அஞ்சு எச்.பி. மோட்டார் வைத்திருந்தான். இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்றேன். கடைக்காரர் தேங்காய் அளவில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"அத்தான், இது மோட்டாரா? எங்க வாய்க்கால்ல வச்சா தவளை தூக்கிட்டுப் போயிடும்."

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையின் மரியாதை மோட்டாரில் இருக்கிறது. சம்பளக்காரனான எனக்குச் சொந்தமாக அரைக் குதிரைகூடக் கிடையாது. மூலையில் இருந்த ஒரு எச்.பி. மோட்டாரைக் காட்டினேன்.

கடைக்காரர் பணிவாகத்தான் கேட்டார்: "சார், செடிக்கா, வயலுக்கா?"

"செடிக்குத்தான். வருங்காலத்தையும் பாக்கணும்ல?" (என்ன வருங்காலமோ, இன்றுவரை தெரியவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டேன். முதல் தொட்டியின் கூழாங்கற்கள் சிதறிப் பறந்தன. செடிகள் காயும் வேருமாகச் சுவரைத் தாண்டின. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று ரோஸி கத்தினாள். சுவிட்சு என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் இருந்தது. நானோ குழாயின் வாயைக் கையால் அடைத்தேன். விரலிடுக்கில் தண்ணீர் பீய்ச்சியடித்து, மிச்சமிருந்த வரிசையும் போயிற்று. பீப்பாய் காலியான பிறகுதான் தண்ணீர் நின்றது.

பக்கத்து வீட்டு முற்றத்திலிருந்து ஒரு குரல்: "சார், குழம்புக்குத் தக்காளி வேணும்னா நானே கேட்டிருப்பேனே! எதுக்கு வேரோட வீசுறீங்க?"

அந்தோணி சிரித்தான். ரோஸி சிரிக்கவில்லை. முழங்கால் போட்டு, கற்களுக்கு நடுவே தேடினாள். நசுங்காமல் ஒன்று கிடைத்தது, பாதிப் பச்சை. அதைப் பெரிய கூடையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள்.

"ஒண்ணுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கூடை?" என்றேன்.

"கூடைன்னுதானே நேர்ந்தேன்."

இன்றும் எங்கள் வீட்டில் யார் எதை வாங்கினாலும், குளிர்பெட்டியோ செருப்போ, எல்லோருமாகச் சேர்ந்து கேட்பார்கள்: "செடிக்கா, வயலுக்கா?" ரோஸிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். சிரிக்கும்போதே இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். மறுபடி வைத்த செடிகளுக்கும் அவள்தான் முகந்து ஊற்றினாள்; அந்தக் கடைக்காரர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, அந்தத் தேங்காய் மோட்டாரை நான் கடைசிவரை வாங்கித் தரவேயில்லை.