அசல் ‘செண்பகவடிவு’

பழைய படங்களைக் காப்பாற்றும் பொறுப்பை உலகம் தென்காசியிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. உலகத்துக்கு இந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பொறுப்பைத் தோளில் சுமக்கும் ‘ஆதித் திரை ரசனைச் சங்க’த்துக்கு நான் செயலாளர். தலைவர் உமாசங்கர். வயது முப்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை, ரசனை முற்றிவிட்டது.

‘செண்பகவடிவு’ என்ற சரித்திரக் காதல் படம் ஊரறிந்தது. இளவரசனும் நாட்டியக்காரியும் கோட்டை மேலிருந்து கைகோத்துக் குதித்துச் சாகிற கலர்ப்படம். அதற்கு வெகுகாலம் முன்பே அதே கதை கறுப்பு வெள்ளையில் வந்திருந்தது. கலர் வந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். தலைவர் மட்டும் மறக்கவில்லை. “அசலைப் பாக்காதவன்லாம் ஒரு ரசிகனா?” என்று மேடைதோறும் கேட்பார். அவரும் பார்த்ததில்லை. பிரதி கிடைக்கவில்லை. பார்க்காததால் அவருடைய ரசனையில் கலப்படமே கிடையாது.

போன ஆனி மாதம் எந்தப் பாவியோ அதை இணையத்தில் ஏற்றிவிட்டான். திரையிட வேண்டியதாயிற்று.

குற்றாலத்தில் ஒரு விடுதி மாடியைப் பிடித்தோம். அந்தச் சமயம் பார்த்துத் தலைவருக்கும் பல் டாக்டர் வித்யாலட்சுமிக்கும் ஜாதகம் பொருந்தியது.

“பொண்ணு பாக்கது, படம் பாக்கது ரெண்டையும் ஒண்ணா முடிச்சிருவோம்லே” என்றார் தலைவர். பெண்ணும் அவள் அப்பா பரமேஸ்வரனும் வர ஒப்புக்கொண்டார்கள்.

நல்ல சாரல். கலைக்கு உடல் தூய்மை அவசியம் என்பதால் சங்கம் முழுவதும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் நின்றது. பெண்ணின் அப்பாவும் நின்றார். பிறகு எல்லோரும் பரோட்டா தின்றோம். பிறகு விளக்கை அணைத்தோம்.

முதல் பாட்டிலேயே துணைத்தலைவர் எபனேசர் சாய்ந்தார். நந்தவனத்தில் இளவரசன் வசனம் பேசத் தொடங்கியதும் தலைவர் கண்ணை மூடினார். ‘ஒலி நுணுக்கத்தை’ ஆராய்கிறார் என்று நினைத்தேன். குறட்டை வந்தது. பரமேஸ்வரனும் அதே சுருதியில் சேர்ந்துகொண்டார். சம்பந்தம் கூடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் நானும் சற்றே அயர்ந்தேன்.

கைதட்டும் சத்தத்தில் விழித்தோம். வித்யாலட்சுமி மட்டும் கண்ணைத் துடைத்தபடி தனியாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். “அந்தக் கடைசி சீன் இருக்கே! கோட்டை மேலேருந்து ரெண்டு பேரும் குதிக்கும்போது எனக்கு நெஞ்சே அடைச்சுட்டு. கலர்ல இந்தச் சோகம் வருமா?”

“யாரு குதிச்சா?” என்றாள் வித்யாலட்சுமி.

“செண்பகவடிவும் இளவரசனும்தான்.”

“இதுல யாருமே சாகலியே! ராஜாவே தாலி எடுத்துக் குடுக்காரு. அப்புறம் ரெட்டைப் பிள்ளையளுக்குத் தொட்டில் கட்டுதாவ. அந்தத் தாலாட்டுக்குத்தான் நான் அழுதேன்.”

“அது... குறியீடும்மா. சாவைத்தான் மறைமுகமாச் சொல்லுதாங்க.”

“ரெட்டைத் தொட்டில் கட்டியா?”

தலைவர் மைக்கை என் கையில் திணித்தார்.

“தூங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே சிரிச்சுக்கிட்டுக் கதையைச் சொல்லியிருப்பேன்” என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் சங்கடம். “காலம்பூரா நீங்க பாக்காததையெல்லாம் பாத்தேன்னு சொல்லுவிய, நான் தலையாட்டணும். சரிவராது. அப்பா, எந்திரிங்க.”

அவரை எழுப்பச் சற்று நேரமாயிற்று.

அவர்கள் போன பிறகு தலைவர் ஈரத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஏலே, அந்தப் படம் நெசமாவே நல்லாருக்குமோ?”

“வேணும்னா இன்னொருக்கா போட்டுப் பாப்போமா அண்ணாச்சி?”

அவர் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் இளகியது போலிருந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அதெல்லாம் வேண்டாம். கமிட்டியைக் கூட்டு.”

அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது. தீர்மானத்தை நான்தான் வாசித்தேன்: ‘பின்னால் வரவிருந்த கலர்ப்படத்தின் உன்னத முடிவை முன்கூட்டியே காப்பியடிக்கத் தவறிய பழைய படத்தை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.’

ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்க, படம் பார்த்தவர் எவரும் அரங்கில் இல்லை.