விரலை எடுக்காதவர்

"நான் கை வச்சாத்தான் அது ஓடும்" என்று சொல்லித் திரியும் ஓர் இனம் உண்டு. கூட்டமாக வாழாது. வீட்டுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று என்று பங்கு போட்டுக்கொண்டு வாழும். நீங்கள் அழுத்திய லிஃப்ட் பொத்தானை இவர் இன்னொரு முறை அழுத்துவார்; நீங்கள் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார்; நீங்கள் மூடிய குழாயை மேலும் ஒரு திருகு திருகி, மறுநாள் எவராலும் திறக்க முடியாதபடி செய்துவிட்டு, "இப்பத்தான் சரியா மூடியிருக்கு" என்பார்; தூங்குகிற குழந்தையை ஒழுங்காகத் தூங்கவைக்கிறேன் என்று எழுப்பிவிடுவார். கேட்டால், அக்கறை.

இந்த இனத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மாதிரி ஒருவர் இருக்கிறார். அதிவேக ஏ.டி.சி. சுற்றுகளை வடிவமைப்பவர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். ஏறி இறங்கி வரும் மின் அலையை நொடிக்குப் பல கோடி தடவை அளந்து, எண்களாக்கிக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கிற சுற்று அது, அவ்வளவுதான். ஆனால் அந்த வேகத்தில் சுற்று தானே நடுங்க ஆரம்பித்துவிட்டால், வருகிற அலையை விட்டுவிட்டுத் தன் நடுக்கத்தை அளந்து கொடுக்கும். ஜுரக்காரன் கையில் தராசைக் கொடுத்த மாதிரி.

நம்மவருடைய சுற்று நடுங்கியது. அதுவும் எந்த நாளில்? ஸ்கேன் மெஷின் செய்கிற கம்பெனிக்காரர்கள் நேரில் பார்க்க வரும் நாளில். அவர்களுக்குப் பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் பிரிவையே இழுத்து மூடி, அத்தனை பேரையும் போன் சார்ஜர் பிரிவுக்கு அனுப்பிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. நம்மவருக்குச் சார்ஜர் பிரிவு என்றால் நாடு கடத்தல்.

காலையிலிருந்து திரையில் அலை குதித்துக்கொண்டிருந்தது. எரிச்சலில் சுற்றின் ஓர் ஓரத்தில் விரலை வைத்தார். அலை அப்படியே அடங்கியது. எடுத்தார். குதித்தது. வைத்தார். அடங்கியது.

வேறொருவராக இருந்தால் என்ன கேட்டிருப்பார்? என் விரல் அங்கே எதைக் கூட்டுகிறது என்று கேட்டிருப்பார். நம்மவர் கேட்கவில்லை. வாழ்நாள் முழுதும் சொல்லிவந்ததற்கு விஞ்ஞானமே சாட்சி சொல்லிவிட்டது என்ற பூரிப்பில், நாற்காலியை இழுத்துப் போட்டு, விரலை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தீங்களா மேடம், என் கை பட்டா அடங்குது."

மேடம் அவருடைய மேனேஜர். வயதில் இளையவர், பொறுமையில் மூத்தவர். "அவங்க இந்த சர்க்யூட்டை வாங்கும்போது உங்களையும் சேத்து பேக் பண்ணணுமா சார்?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். இடது கையால் எடுத்தார்.

"என்னங்க, பிஸியா?"

"ஒரு விரல் பிஸி."

"அப்ப மத்த ஒம்பதும் சும்மாதானே இருக்கு? சிலிண்டர் புக் பண்ணிடுங்க."

"நான் புக் பண்ணாத்தான் வரும், இல்ல?"

"யார் பண்ணாலும் வரும். எனக்கு மாவு கையா இருக்கு."

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலையாட்டுவதற்கு வந்தவர். மற்றவர், கண்ணாடிக்காரர், வந்ததும் திரையைப் பார்த்தார். அலை பட்டுநூல் மாதிரி வழவழவென்று ஓடியது. திருப்தியாகச் சிரித்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்கு. விரலைக் கொஞ்சம் எடுங்க."

"எடுக்கலாம்," என்றார் நம்மவர், எடுக்காமல். "ஆனா அதுக்குப் பிடிக்காது."

"எங்க மெஷின் ஆஸ்பத்திரில இருக்கும். அங்க உங்க விரலுக்கு நான் எங்க போவேன்?"

தலையாட்ட வந்தவர் தலையாட்டவில்லை.

மேடம், துளி மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற, கடுகைவிடச் சிறிய ஒரு கபாசிட்டரை இடுக்கியில் பிடித்துக்கொண்டு வந்தார். "சார் விரல் அங்க கொஞ்சூண்டு கபாசிட்டன்ஸ் கூட்டுது. அதே அளவை இது கூட்டும். கையை எடுங்க சார், பத்த வைக்கணும்."

"நீங்க வைங்க மேடம், நான் பிடிச்சுக்கறேன்."

"எடுக்கலேன்னா விரலையும் சேத்துப் பத்த வச்சிருவேன்."

எடுத்தார். அலை பேயாட்டம் போட்டது. மேடம் சாலிடரிங் முனையால் இரண்டு பொட்டு வைத்தார். அடங்கியது. அடங்கியே இருந்தது. மேடம் பின்னால் நகர்ந்தார், அப்போதும் இருந்தது. எல்லோரும் டீ குடிக்கப் போய்த் திரும்பினார்கள், அப்போதும் இருந்தது. கண்ணாடிக்காரர் கைகொடுத்தார். தலையாட்டுபவர் விட்டதையும் சேர்த்து ஆட்டினார். ஆர்டர் வந்துவிட்டது, சார்ஜர் பிரிவு பயம் தொலைந்தது, ஆளாளுக்குத் தோளில் தட்டிக்கொண்டார்கள். நம்மவர் மட்டும், வேலையில்லாமல் போன விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாவம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். ஒரே வாரத்தில் தேறிவிட்டார். இப்போது பிரிவுக்கு யார் புதிதாக வந்தாலும் அந்தக் கபாசிட்டரிடம் கூட்டிப்போய்க் காட்டுகிறார்: "இது என்ன அளவு தெரியுமா? என் விரல் அளவு. அளந்து போட்டாங்க."

நீங்கள் இந்த இனம் இல்லை. நம்புகிறேன். ஆனாலும் ஒரு சின்னப் பரிசோதனை: நீங்கள் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று நினைக்கிற ஏதாவது ஒன்றிலிருந்து ஒரே ஒரு நாள் கையை எடுத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் கவலையில்லை, திரும்ப வைத்துக்கொள்ளலாம். நிற்காமல் ஓடினால்தான் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது.