நூற்று அறுபத்தைந்தைப் பார்த்த கண்

அன்புத் தங்கை சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். என் வலது கண் சுகம். இடது கண்ணும் சுகம். நீ கண் ஆஸ்பத்திரி நர்ஸ் என்பதால் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும், அவர் விசாரிக்கப்படத் தகுதியானவர் இல்லை என்றாலும்.

போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ, "புரை முத்திடுச்சுண்ணா, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கட்டுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே கடிதம்.

நான் கேமிங் மானிட்டர் வாங்கியதைக் கேள்விப்பட்டதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ என்ன எழுதினாய்? "எதிர்ல வர்ற ஆளே அண்ணனுக்குத் தெரியாது, அவருக்கு எதுக்கு இது?" ஒன்பது பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை இரண்டு தடவை சிரித்தார். முப்பத்தொரு வருஷம் கிரேன் உச்சியில் உட்கார்ந்து, கீழே தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிற லாரியில் இரும்புக் கட்டை விரற்கடை பிசகாமல் இறக்கிய கண் இது. உன் நர்ஸ் படிப்புக்குப் பணம் கட்டியதும் இதே கண்தான். படித்து முடித்துவிட்டு இதையே குறை சொல்கிறாய். எனக்கு மனசு வலித்தது, சொல்லிவிட்டேன்.

மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் நான் லாரி ஓட்டும் விளையாட்டு ஆடுவது உனக்குத் தெரியும். போன மாதம் அதன் பழைய மானிட்டர் மண்டையைப் போட்டது. புதிதுக்கு உன் அண்ணி ஒரே வரியில் சட்டம் போட்டாள்: "வாஷிங் மெஷின் வாங்கின விலைக்கு மேல ஒத்தக் காசு கிடையாது." அந்த வரம்புக்குள் எது தேறும் என்று பதினெட்டு நாள் ஆராய்ந்தேன். மலிவானதில் நிறமெல்லாம் சாயம் போன சட்டை மாதிரி இருக்கிறது, உசத்தியானதன் விலைக்கு வாஷிங் மெஷின் இரண்டு வாங்கலாம், நடுவில் இருப்பவற்றிலோ ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்கிறான், வேகம் இருந்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், கறுப்பு கறுப்பாக இருந்தால் வண்டி திரும்பும்போது பின்னால் வால் மாதிரி நிழல் இழுக்கும், இரண்டும் சரியாக இருந்தால் மானிட்டரின் தாங்கி மேலே ஏறாது, கீழே இரண்டு டெலிபோன் டைரக்டரி வைக்க வேண்டும். கடைசியில் இருபத்தேழு அங்குலத்தில், நொடிக்கு நூற்று அறுபத்தைந்து தடவை படத்தை மாற்றிக் காட்டுகிற ஒன்றில் மனம் நின்றது. சாதாரண மானிட்டர் அறுபது தடவைதான் மாற்றும். அந்த வித்தியாசம்தான் எல்லாமே.

கடையில் இரண்டை அருகருகே வைத்திருந்தார்கள். பார்த்த உடனே சொன்னேன், "இடது பக்கத்துலதான் ஓட்டம் வழுக்கிக்கிட்டுப் போகுது." கடைக்காரர் குனிந்து அந்தத் திரையைப் பார்த்தார். "சார், அதுல ஓடுறது வீடியோ இல்ல. நிக்கிற படம்." இதைச் சொல்லி உன் அண்ணி நான்கு நாள் சிரித்தாள். நீயும் சிரிப்பாய். நின்றுகொண்டிருக்கிற படத்தையே ஓடுவதுபோல் காட்டுகிறதென்றால் அது எப்பேர்ப்பட்ட மானிட்டர் என்று உங்கள் இருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. அதையேதான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அதன் மகிமை இன்னும் தெரிந்தது. விளையாட்டில் வருகிற ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வட்டமாக ஒரு ஒளி வளையம். வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டும் எச்டிஆர் என்று பெட்டியில் போட்டிருந்தானே, அதுதான். இப்போது நம் தெருவிளக்குகளுக்கும் அந்த வசதியைச் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. முதல் வாரம் திரையில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது, திரையின் ஒளிப்புள்ளி ஒன்று செத்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன், கடைக்காரர் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். திரும்பி வந்து பார்த்தால் அதே புள்ளி சுவரிலும் இருந்தது. ஆகவே கோளாறு சுவரில். வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே கொடுத்த கையேட்டை மட்டும் மனிதன் படிக்க முடியாது, எறும்புகளுக்காக அச்சடித்திருக்கிறான். சாலையோரப் பலகைகளை உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறாள். எனக்கு ஸ்டியரிங்கில் கவனம் இருப்பதால் அந்த ஏற்பாடு, வேறு காரணம் இல்லை.

இருபத்திரண்டு நாளாகத் தினமும் ஓட்டுகிறேன். நூற்று அறுபத்தைந்து என்றால் என்னவென்று இந்தக் கண் பார்த்துவிட்டது. வளைவில் லாரி வெண்ணெயாக வழுக்குகிறது. பழைய அறுபதுக்கு இனி நான் திரும்ப முடியாது, பார்த்தால் தலை வலிக்கும். இந்த வித்தியாசம் தெரிகிற கண்ணில் எங்கிருந்து புரை வரும்? நான் பார்ப்பது நூற்று அறுபத்தைந்து இல்லை என்று யாராவது நிரூபிக்கட்டும், நானே வந்து உன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொள்கிறேன். அதுவரை கத்தி, ஊசி, தேதி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. குழுவில் நீ எழுதியதைத் திரும்பப் பெறவும். மாப்பிள்ளையும் தன் இரண்டு சிரிப்பையும் திரும்பப் பெறவும்.

மற்றபடி உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராது. கோபம் என் வாயில்தான், ஆசீர்வாதத்தில் இல்லை.

இப்படிக்கு,
எதிரில் வருகிற ஆளை நன்றாகவே பார்க்கிற
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உன் அண்ணி அந்த எறும்புக் கையேட்டை எடுத்துப் படித்தாள். மானிட்டரை மாட்டினால் மட்டும் போதாதாம், கம்ப்யூட்டருக்குள் போய் நூற்று அறுபத்தைந்து என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். போய்ப் பார்த்தோம். அறுபதில் நிற்கிறது. இருபத்திரண்டு நாளும் அறுபதில்தான் ஓடியிருக்கிறது. அவள் மாற்றினாள். "அடேங்கப்பா, எப்படி வழவழன்னு போகுது பாருங்க," என்றாள். பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, சின்னவளே.

சொன்ன சொல் சொன்னதுதான். தேதி வாங்கு. கண்ணில் கத்தி என்றால் எனக்குப் பயம், அன்றைக்கு நீ பக்கத்தில் நிற்க வேண்டும், இதைக் குழுவில் போடக் கூடாது. மானிட்டரைத் திருப்பித் தரமாட்டேன், அதன் வேகத்தைப் பார்க்காமல் விடுவதாக இல்லை. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸிலும் மலிவு, நடுத்தரம், உசத்தி என்று இருக்கிறதாமே. வாஷிங் மெஷின் விலைக்குள் எது தேறும் என்று நானே ஆராய்ந்து சொல்கிறேன், பதினெட்டு நாள் போதும். எல்லாவற்றின் விவரமும் அனுப்பு. பெரிய எழுத்தில் அனுப்பு.