விசில் வாத்தியாரும் ஒரு கைப்பொரியும்

ஆவடியில் சாமிகளையே விசில் ஊதி வரிசையில் நிற்க வைத்த ஒரே மனிதர் எங்கள் விசில் வாத்தியார்தான். அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். குவார்ட்டர்ஸில் யாரும் அதைக் கேட்டதில்லை.

எண்பதுகளின் ஆரம்பம் அது. என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, தூத்துக்குடிப் பக்கமிருந்து நாங்கள் அங்கே குடிவந்திருந்தோம். மகள் எப்சிபா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது. விசில் வாத்தியார் அங்கே டிரில் மாஸ்டர். வெள்ளை அரைக்கால் சட்டை, முட்டி வரைக்கும் சாக்ஸ், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். தூங்கும்போதும் அதை வாயிலிருந்து எடுக்க மாட்டார், அவர் குறட்டை விட்டால் சம்சாரம் பாதித் தூக்கத்தில் எழுந்து அட்டென்ஷனில் நிற்பார் என்று சொல்வார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் நம்பினேன்.

அந்த வருஷம் குவார்ட்டர்ஸில் ஒலிபெருக்கித் தகராறு ஒன்று வந்தது. கோயில் குழாயா, ஜெபக்கூட்டத்துக் குழாயா, எது முதலில் அலறுவது என்று பெரியவர்கள் முறைத்துக்கொண்டார்கள். உடனே பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டோம் என்று தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியை அம்மா பயந்துபோய், இனி நீதிபோதனை பீரியடில் எல்லா மதத்தையும் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும் என்றார். மற்ற டீச்சர்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று பாடம் முடிக்க வேண்டியிருந்தது. பாடமே இல்லாதவர் டிரில் மாஸ்டர் ஒருவர்தான். அவர் தலையில் கட்டினார்கள்.

அவர் கையில் புத்தகம் கிடையாது. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் மூன்று வட்டம் போட்டார். ஒன்று கோயில், ஒன்று சர்ச், ஒன்று மசூதி. விசில் அடித்ததும் பிள்ளைகள் தங்களுடையது அல்லாத வட்டத்துக்கு ஓட வேண்டும். அங்கே நின்று, அந்த மதத்தில் என்ன செய்வார்கள் என்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு.

முதல் நாள் மசூதி வட்டத்துக்கு ஓடியவர்கள் அத்தனை பேரும் "பிரியாணி சார்" என்றார்களாம். வாத்தியார் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

"பிரியாணி மதத்துல சேராது. அது எல்லாருக்கும் பொது. வேற சொல்லு."

ரவுண்டுக்குப் பயந்து பிள்ளைகள் வீடு வீடாக விசாரிக்கக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டுக் கமலாவின் மகன் சக்திவேல், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் முன்னால் வந்து பாயில் உட்கார்ந்துகொண்டான். பாஸ்டர் கண்ணை மூடுவதற்குள் இவன் மூடினான். அவர் ஒரு அல்லேலூயா சொன்னால் இவன் இரண்டு சொன்னான். மறுநாள் கமலா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா இது, எம்புள்ள அல்லேலூயா சொல்லிக்கினே சோறு துன்றான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "சும்மா இரும்மா, அது ஓம்வொர்க்கு" என்று அடக்கிவிட்டான். பதிலுக்கு என் மகள் அவர்கள் பூஜை அறை வாசலில் நின்று, பிள்ளையாருக்கு ஏன் இந்தத் தலை என்று கேட்டு விடாமல் துளைத்திருக்கிறாள். கமலாவுக்கே பாதிதான் தெரியுமாம். மீதிக்கு அவள் ஊருக்குக் கடிதம் போட்டாள்.

இரண்டு மாதத்தில் பெஞ்சில் இடைவெளி போய்விட்டது. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவர் வீட்டுப் பண்டிகைப் பலகாரம் அடுத்தவர் வயிற்றில் போய்விட்டால் இந்த ஜென்மத்துக்கும் சண்டை வராது என்று அடுத்ததாக ஒன்றைக் கண்டுபிடித்தார். ரம்ஜானுக்குச் சேமியா வந்தது. விசில் அடித்தார், எல்லோரும் குடித்தார்கள். மாதா திருவிழாவுக்குப் பன் வந்தது. விசில் அடித்தார், எல்லோரும் கடித்தார்கள். பிறகு சரஸ்வதி பூஜை வந்தது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் போகிற ஜெபவீட்டில் கொஞ்சம் கண்டிப்பு. பூ வைக்க மாட்டோம், நகை போட மாட்டோம், சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டோம். படைப்பவர்களைக் குறை சொல்வதில்லை. எங்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் பூஜை முடிந்து ஆளுக்கு ஒரு கை பொரி கொடுத்தார்கள். வாத்தியார் விசில் அடித்தார். எல்லோர் கன்னமும் உப்பியது. எப்சிபா மட்டும் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"இன்னா எப்சி?"

"வேணாம் சார். எங்க வீட்ல படைச்சத சாப்பிட மாட்டோம்."

"பொரில இன்னாம்மா கீது? அரிசி தானே?"

"அரிசிதான் சார். வேணாம்."

வட்டத்தில் பதில் சொல்லாதவர்களுக்கு என்ன தண்டனையோ அதையே கொடுத்தார். பொரியைச் சிந்தாமல் மேஜை மேல் வைத்துவிட்டு ஒரு ரவுண்டு ஓடி வந்தாள். மறுபடி விசில். மறுபடி வேணாம். மறுபடி ரவுண்டு. களைத்துப்போய்ச் சாப்பிட்டுவிடுவாள் என்று அவர் நினைத்திருக்கிறார். களைக்காமல் ஓட அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான், அது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. வாயில் பொரியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடமே வேடிக்கை பார்த்தது. கடைசி பெல் அடித்த பிறகுதான் இருவரும் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் அழவில்லை. அப்பா சொன்னதைக் கேட்டதும்தான் அழுதாள். என் வீட்டுக்காரர் கோபம் வந்தால் கத்த மாட்டார், குரலைத் தாழ்த்திவிடுவார்.

"சாப்பிடுன்னு கட்டாயப்படுத்துற இடத்துல என் பிள்ள படிக்க வேண்டாம். பூஜை லீவு முடிஞ்சதும் டிசி வாங்கிருவேன். ஊர்ல ஹாஸ்டல்ல சேத்துரலாம்."

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. பத்து வயதில் அவளை அத்தனை தூரம் அனுப்பிவிட்டு, அந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன்? இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரிடமே நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியவள் இல்லை. வெங்காயம் உரிக்கிற சாக்கில் இரண்டு நாள் அழுதேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லாக் குழம்பிலும் வெங்காயம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து வஞ்சிரம் குழம்பு வைத்து இறக்குகிறேன், எங்கள் மாடிக்குக் கீழே சைக்கிள் வந்து நின்றது. சக்திவேல் போய் டிசி விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். வேட்டி கட்டிய வாத்தியாரை அன்றுதான் பார்த்தேன். கழுத்தில் விசில் மட்டும் இருந்தது. இரும்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"சார், ஒங்க பொண்ணு காத்து மாரி ஓடுது. அத்த வேற எங்கியும் அனுப்பிடாதீங்கோ. ஒரு கைப்பொரி தானே சார். அதுக்குப் போயி..."

"சாருக்கு சாப்பாடு வை" என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம்.

வாத்தியார் மீன் பிரியர் என்பது ஆவடி மார்க்கெட்டுக்கே தெரியும். கூடைக்காரிகள் அவரைத் தூரத்தில் பார்த்தாலே விலையை ஏற்றிவிடுவார்கள். பெரிய துண்டாகப் பார்த்து வைத்துத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பார்த்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கை மட்டும் தட்டுக்குப் போகவில்லை.

"சார், புரட்டாசி."

"அதனால என்ன சார்?"

"பெருமாளுக்கு விட்டுட்டது சார். எங்கம்மா இருந்த காலத்துலேந்து. இந்த ஒரு மாசம் தொட மாட்டேன்."

"மீன்ல என்ன சார் இருக்கு? மீன் தானே?"

என் வீட்டுக்காரர் இன்னும் மெதுவாக, "ஒரு வாய்தானே" என்றார்.

வாத்தியார் எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார், லீவு முடிந்ததும் டிசியை அவரே எழுதி நீட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"துன்ன மாட்டேன் சார். அப்போ ரவுண்டு தான்."

இறங்கிப் போய் ஓட ஆரம்பித்துவிட்டார். உச்சி வெயில். குவார்ட்டர்ஸ் மொத்தமும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த நேரம். முதலில் இரண்டு நாய் பின்னால் ஓடின. ஏதோ போட்டி என்று நினைத்துச் சக்திவேல் சேர்ந்துகொண்டான். கமலா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா சார், யாரு தொரத்திக்கினு வர்றாங்க?" என்றாள். அவர் நிற்காமல், "பெருமாளு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

எப்சிபா கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள், வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு கீழே இறங்கி அவர் பக்கத்தில் ஓடினாள். "கைய மடக்கி ஓடுங்க சார்" என்று அவள் அவரைத் திருத்தியது எனக்கு மேலே கேட்டது.

திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இப்போ தெரியுது சார். ஓடறது கஷ்டமில்ல. அத்தினி பேரு துன்னும்போது தனியா நிக்கறது கீது பாருங்க, அதான் கஷ்டம். அந்தப் புள்ளைய நான் நிக்க வெச்சிட்டேன்."

என் வீட்டுக்காரர் தட்டைத் தானே எடுத்துத் தள்ளி வைத்தார். திரைப் பக்கம் திரும்பி, "ரசம் இருக்கா?" என்றார். மீன் சட்டி இருந்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாத்தியார் ரசமும் அப்பளமும் சாப்பிட்டார். டிசி பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. லீவு முடிந்து எப்சிபா எப்போதும்போல் பையை மாட்டிக்கொண்டு அதே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அன்றைக்குத்தான் எனக்கு வயிற்றில் சோறு இறங்கியது.

மைதானத்தில் நான்காவதாக ஒரு வட்டம் வந்தது. அதன் பெயர் வேணாம் வட்டம். பிள்ளைகள் அதில் நின்று, தங்கள் வீட்டில் எதைச் செய்ய மாட்டோம், எதைச் சாப்பிட மாட்டோம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் "ரைட்" என்று மட்டும் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் கேட்டவனுக்கு ரவுண்டு. சக்திவேல் முதல் ஆளாகப் போய் நின்று, தங்கள் குலதெய்வத்துக்குப் பாகற்காய் ஆகாது என்றான். இன்னொரு பையன் தன் வீட்டில் செவ்வாய்க்கிழமை கணக்குப் போடுவது சாமி குத்தம் என்றான். தன் சட்டத்தைத் தானே மீற முடியாமல் வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு "ரைட்" சொன்னாராம். கமலாவுக்கு விஷயம் தெரிந்து, அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் பாகற்காய்தான்.

சில வருஷம் கழித்து அவர் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனார். எப்சிபா பத்தாவது எழுதும் சமயம், ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நானும் வீட்டுக்காரரும் நிற்கையில் எதிரே வந்தார். தலை நரைத்திருந்தது. அவளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் அவர் எதையோ சொல்லத் தயங்கியதை முதல்தடவையாகப் பார்த்தேன்.

"அடுத்த வெள்ளி திருவேற்காடு போறேம்மா. புள்ள பேரைச் சொல்லி அம்மனாண்ட வேண்டிக்கட்டா? ஒங்களுக்கு வேணாம்னா உட்டுடறேன்."

என் வீட்டுக்காரர் வராத பஸ்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் நான்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது. "உங்க இஷ்டம் சார்" என்றேன். அவரிடம் நான் நேருக்கு நேர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அன்று இரவிலிருந்து என் ஜெபத்தில் அவரும் உண்டு. அவர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வேண்டிக்கொண்டார். நான் இன்றுவரை அவரைக் கேட்கவில்லை.