மிட்டாய் சாரும் என் மகளின் காதும்

தென்காசி வட்டாரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமலே சம்பளம் வாங்கிய ஒரே வாத்தியார் எங்கள் மிட்டாய் சார்தான். விளையாட்டு வாத்தியார். அவர் பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் திங்கள்கிழமை பிரேயரில் பிள்ளைகளுக்குப் பின்னால் பூனை மாதிரி வருவார். ஒவ்வொருத்தர் பின்னாலும் நின்று ரகசியக் குரலில், "மிட்டாய் வேணுமா?" என்பார். திரும்பினால் கடலை மிட்டாய். திரும்பாவிட்டால் நோட்டில் பெயர். ஞாயிற்றுக்கிழமை அருவியில் தலையைக் கொடுத்துவிட்டுக் காது அடைத்து வரும் பிள்ளைகளைப் பிடிக்கத்தான் இத்தனை கூத்து.

ஆய்வுக்கு வந்த அதிகாரியையும் விடவில்லை. கொடிக்கம்பத்தடியில் நின்றவரின் பின்னால் போய், "மிட்டாய் வேணுமா சார்?" அதிகாரி அசையவில்லை. "சாருக்குக் காது பாக்கணும்" என்று மிட்டாய் சார் மைக்கிலேயே சொல்லிவிட்டார். தலைமையாசிரியை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

"பாடம் சொல்லித் தாங்கன்னு அனுப்பினா, இவரு காதுக்குள்ள கடை போடுதாரு" என்று என் பலசரக்குக் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

என் மகள் வள்ளி நாலாம் வகுப்பு. கூப்பிட்டால் பதில் வராது. கடைசி பெஞ்சில் போட்டுவிட்டார்கள். "மண்டையில ஏறல அண்ணாச்சி. வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிடுங்க" என்றார் வகுப்பு டீச்சர். நான் பண்பொழி மலைக்குப் படியேறி முருகனிடம் மொட்டை நேர்ந்துகொண்டேன். புத்தி தெளியட்டும் என்று வாரம் தவறாமல் வள்ளியை அருவியிலும் நிறுத்தினேன்.

ஒரு திங்கள்கிழமை மிட்டாய் சார் நோட்டோடு கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, வள்ளி மூணு வாரமாத் திரும்பல."

"அவளுக்கு மிட்டாய் பிடிக்காது சார்."

"மிட்டாய் பிடிக்காத பிள்ளை இந்த ஜில்லாவுலயே கிடையாது. காதுவலின்னா என்ன பண்ணுதீங்க?"

"எண்ணெய் காய்ச்சி ஊத்துதோம்."

"அப்படியே கடுகு, கறிவேப்பிலையும் தாளிச்சுப் போடுங்க. சட்னி ஆயிரும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அவரோ என் ஷட்டரை அவரே இறக்கிவிட்டு, என்னையும் வள்ளியையும் பைக்கில் ஏற்றி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு காதிலும் சீழ். டாக்டர் மாத்திரை எழுதினார். எண்ணெய்க்கும் அருவிக்கும் தடை. இத்தனை நாளும் பாடம் என் மகளின் மண்டைவரை போகவே இல்லை. வழியை அடைத்தவன் நான்.

மறுநாள் வள்ளியின் பையை மிட்டாய் சாரே தூக்கி முதல் பெஞ்சில் வைத்தார். "அங்கன நல்லாப் படிக்கிற பிள்ளை இருக்கா சார்" என்றார் டீச்சர்.

"அவளுக்குத்தான் நல்லாக் கேக்குல்லா, பின்னால இருக்கட்டும்."

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கள்கிழமை வள்ளி வீட்டுக்கு ஓடிவந்து கையை விரித்தாள். ஒரு கடலை மிட்டாய். வியர்வையில் பிசுபிசுத்திருந்தது. பரீட்சையில் மார்க் வந்தது அதற்கப்புறம்தான்.

அந்த அதிகாரியின் காது குணமானதா, தெரியாது. மிட்டாய் சாருக்கு மட்டும் திருவேங்கடம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வந்தது.

மொட்டையைச் செலுத்திவிட்டேன். இப்போதும் முருகன் சன்னதியில் கண்ணை மூடி நிற்கும்போது பின்னால் யாராவது மெல்லப் பேசினால் திரும்பிவிடுகிறேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.