பெயர் எழுதிய பெயிண்ட் டின்கள்

ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவையும் நாற்பது காலி பெயிண்ட் டின்களையும் வைத்துக்கொண்டு, பதினேழு மாடிக் குடியிருப்பின் மானத்தை மொத்தமாகக் கப்பலேற்றிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் செந்தூலில் எங்கள் ஏழாவது மாடியில் இருந்தார். அவருடைய உண்மைப் பெயர் கீழே இருக்கும் தபால் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் கசாயம் அங்கிள்.

இந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்காது. "கசாயம்னா மூக்கப் புடிச்சிக்கிட்டு குடிக்கிறது. நான் குடுக்கறது டீ. உக்காந்து, பேசிக்கிட்டு குடிக்கணும்" என்பார். லிப்டிலிருந்து எங்கள் வீடு வரை நீளும் நடைபாதை ஓரம் முழுக்க அவருடைய டின்கள்தான். துளசி, பூனைமீசை, நிலவேம்பு, கற்பூரவள்ளி, எலுமிச்சைப்புல். காலையில் பறிப்பார், நிழலில் உலர்த்துவார், சாயங்காலம் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். "கிளினிக் மாத்திரைய நிறுத்திடாதீங்க, இது துணைக்குத்தான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார். தங்கமான மனிதராயிற்றே என்று நினைப்பீர்கள். பொறுங்கள், டின்களில் என்ன எழுதியிருக்கும் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

செடியின் பெயர் இருக்காது. குடிக்கப்போகிறவரின் பெயர் இருக்கும். ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி, அதில் கொட்டை எழுத்தில் பெயரையும் வீட்டு நம்பரையும் எழுதிக் குத்தி வைத்திருப்பார். ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். "பொருள் என்னன்னு எதுக்கும்மா எழுதணும், பாத்தாலே தெரியுதே. யாருக்குன்னுதான் எழுதணும்" என்பது அவர் கட்சி. எந்த இலை எந்த வியாதிக்கு என்பது அவர் புண்ணியத்தில் எங்கள் மாடிக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆக, அந்த நடைபாதையில் ஒருமுறை நடந்தால் போதும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குச் சிறுநீரகத்தில் கல் என்று எல்லாம் தெரிந்துவிடும்.

ஒன்பதாவது மாடியில் ஒரு ஜவுளிக்காரர், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கடை. ரொம்ப மிடுக்கான ஆள். ஒருநாள் அவர் பெயர் நிலாவாரைச் செடியில் ஏறிவிட்டது. நிலாவாரை எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மூன்று நாளாகக் காரியம் நடக்காதவர்களுக்கு. அன்றிலிருந்து அவர் லிப்டில் ஏறினால் ஆளாளுக்கு அவர் முகத்தைக் கவலையோடு பார்ப்பார்கள். மனிதர் கொதித்துப்போய்ச் சண்டைக்கு வந்தார்.

"எம்பேர எடுங்கய்யா, இப்பவே எடுங்க."

"எடுத்துடலாம் பாஸ். நாளைக்கு உங்க டீய கமலா ஆன்டிக்கு மாத்திக் குடுத்துட்டேன்னா யாரு பதில் சொல்றது? அவங்களுக்கு ஏற்கெனவே வயித்தால போகுது."

ஜவுளிக்காரர் கையை நீட்டினார். நின்றபடியே ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் லிப்டில் சிரித்துக்கொண்டே வந்தார் என்பது தனிக்கதை.

எனக்கு முதல் அதிர்ச்சி பிரிக்பீல்ட்ஸில் காத்திருந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறேன், மூலை மேசையில் கசாயம் அங்கிள். எதிரே நுரை பொங்கப் பெரிய கிளாஸ் தே தாரேக், இழுத்து ஆற்றிய பால் டீ. கடைக்காரரிடம், "பாஸ், இன்னும் கொஞ்சம் சூசு ஊத்து லா" என்று கெட்டிப்பால் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் இலையைக் காய்ச்சி ஊற்றுகிறவர் இவர்தானா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன அங்கிள் இது? உங்க டீய நீங்க குடிக்க மாட்டீங்களா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரகசியமாகச் சொன்னார்: "அதெல்லாம் கசக்கும்மா."

இந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. ஒருநாள் வேலை முடிந்து லிப்டை விட்டு இறங்குகிறேன், முதல் டின்னிலேயே 'ரேணுகா 7-12'. நான்தான். செடியோ இதுவரை யாரும் பார்க்காத செடி. நசுக்கினால் எலுமிச்சை வாசம். கேமரன் மலையிலிருந்து வந்ததாம், சூடு தாங்காதாம், அதனால் மத்தியானம் மத்தியானம் மண்ணில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வியாதி அங்கிள் என்று கேட்டால், "வளரட்டும், சொல்றேன்" என்பார். மாடிக்கு மாடி ஆராய்ச்சி நடந்தது. எனக்கு வலிப்பு என்று ஐந்தாவது மாடியில் முடிவே செய்துவிட்டார்கள்.

மற்ற நேரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். எனக்கு முப்பத்து நாலு வயது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையோடு போனில் நாலு தடவை பேசியிருந்தேன், எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

"ரெண்டே மணி நேரம் அங்கிள், லேபிள மட்டும் எடுத்து வைங்க" என்று கெஞ்சினேன். லேபிளை எடுத்தால் ஸ்டோர் கெட்டுவிடும் என்று ஒரே பிடிவாதம். சனிக்கிழமை அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நானே பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை பத்து மணி. லிப்ட் திறந்தது. அழைத்து வரப் போன நான் உறைந்து நின்றேன். காணாமல் போன லேபிளுக்குப் பதிலாக, ஒரு முழு மூடியையே லேபிளாக்கி வைத்திருந்தார் மனிதர். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. கீழே அடிக்கோடு வேறு.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து படித்தார். நிமிர்ந்தார்.

"இந்த பிளாட்ல யாருக்கு சீக்கோ அவங்க பேர செடியில எழுதி வைப்பீங்களாமே? லிப்ட்ல கூட வந்த ஆன்டி சொன்னாங்க. ஏம்மா, உனக்கு என்ன?"

அதற்குள் கசாயம் அங்கிள் தட்டில் கிளாஸ்களோடு வெளியே வந்துவிட்டார். பொய் என்பது அந்த வாயில் வராது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"கோவம்" என்றார்.

"என்னது?"

"பொண்ணுக்குக் கோவம் ஜாஸ்தி. சின்னக் கோவம் இல்ல. போன வருஷம் லிப்ட் மூணு வாரம் ஓடல. வயசானவங்க ஏற முடியாம கிடந்தாங்க. இது நேரா மேனேஜ்மென்ட் ஆபீசுக்குப் போயி மேசையத் தட்டிச்சு. சத்தம் எங்க மாடி வரைக்கும் கேட்டுச்சு. மறுநாள் லிப்ட் ஓடுச்சு."

கதவோரம் நின்ற என் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். போச்சு, மூன்றாவது இடமும் போச்சு. இந்த ஆளை இன்றைக்குச் சும்மா விடக்கூடாது என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"இந்த டீ அதுக்குத்தான்" என்று அவர் தொடர்ந்தார். "ஆனா இன்னும் ஒரு சொட்டுகூடக் குடுக்கல. குடுத்து கோவம் கொறஞ்சிட்டா, அடுத்த தடவ லிப்ட் நின்னா நாங்க எங்க போறது?"

அதுவரை வாயைத் திறக்காத மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "அப்படின்னா குடுக்காதீங்க அங்கிள்."

அவர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க ரோட்டுக்குக் குப்பை லோரி வந்து பத்து நாளாச்சு" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வீட்டுக்குள் போனார். அந்த அதிர்ச்சியிலிருந்து என் அம்மா இன்னும் மீளவில்லை.

இப்போது நான் கிள்ளானில் இருக்கிறேன். குப்பை லோரி ஒழுங்காக வருகிறது. செந்தூலுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், 'ரேணுகா 7-12' டின் அதே இடத்தில் இருக்கிறது. இன்னும் ஐஸ் வைக்கிறார்.

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் ஒரு பெயிண்ட் டின்னைப் பார்த்து நின்றார். அதில் ஐஸ்கிரீம் மூடியில், 'கசாயம் அங்கிள், செந்தூல்' என்று நான் எழுதியிருந்தேன்.

"எனக்கென்னம்மா வியாதி?"

"அடுத்தவங்க விஷயத்துல தலையிடற வியாதி."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். "சரியான செடிதான். நாலு இலை போட்டு ஒரு மாசம் குடுத்தா சுத்தமா குணமாயிடும்" என்று மிகுந்த பொறுப்போடு சொல்லிவிட்டு, உள்ளே வந்து கெட்டிப்பால் தூக்கலாக ஒரு டீ கேட்டார்.

அந்தச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். குணமாகிவிடுவாரோ என்ற பயத்தில் இன்றுவரை ஓர் இலையைக்கூடப் பறித்ததில்லை.